சுருளியோடு திராட்சைத் தோட்டங்களுக்கு

வியாழன் இரவு, அல்சூர்

நாளை விடியற்காலையில் கிளம்புகிறோம். வாசலில் மூன்று பைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு சுருளியுடையவை.

சுருளிக்கு நான்கு வயது. கோம்பை இனம். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கரி அப்பியது போலக் கறுப்பு. என் அம்மா கம்பத்தில் இருக்கிறார். அங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் கோம்பை. அங்கே ஒரு வீட்டில் வாங்கி, பெங்களூரு வரை மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அன்று முதல் இன்று வரை அவளைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் இருவரும் எங்கேயும் இரவு தங்கியதில்லை. ஆகவே நந்தி மலை அடிவாரத்து ஒயின் ஆலைகளைப் பார்க்க வேண்டும் என்று கணவர் சொன்னபோது, சுருளியும் வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. ஆலைக்காரர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு இடங்களுக்குத் தொலைபேசினோம். முதல் இடத்தில், வெளியே தோட்டத்து ஓரமாகக் கயிற்றோடு இருக்கலாம், கட்டடத்துக்குள் கூடாது என்றார்கள். இரண்டாவது இடத்தில், "தாராளமாக வாருங்கள்" என்றார்கள்.

நேற்று கால்நடை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். திராட்சை நாய்களுக்கு ஆகாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் ஆகாது என்பது நேற்றுதான் தெரிந்தது. பல ஆண்டுகளாக மருத்துவர்களுக்கே காரணம் பிடிபடவில்லையாம். ஒரு நாய் ஒரு கொத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். இன்னொன்று சில பழங்களிலேயே சிறுநீரகம் கெட்டுச் சாகும். அமெரிக்காவில் விலங்கு நச்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள், குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய்களுக்கும் இதே மாதிரி சிறுநீரகம் பழுதாவதைக் கவனித்தார்கள். அந்த மாவில் சேர்ப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் இருப்பதும் அதே அமிலம். 2021-ல் அவர்கள் இதை எழுதிய பிறகுதான் சந்தேகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. ரகத்துக்கு ரகம், பழம் பழுத்த அளவைப் பொறுத்தும் அமிலத்தின் அளவு மாறும் என்பதால், "இத்தனை பழம் வரை பயமில்லை" என்று ஒரு கணக்கு சொல்ல முடியாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மருத்துவர் கேட்டார்: "வீட்டில் புளியோதரை, புளிக்குழம்புச் சோறு எதுவும் வைப்பீர்களா?" வைப்பதில்லை என்றேன். புளியிலும் அதே அமிலம்தான். நான்கு வருடமாகப் புளியை எட்டியே வைத்திருந்தது காரம் சேராது என்ற எண்ணத்தால்தான். காரணம் தெரியாமலே சரியாக நடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் படபடத்தது.

வாய்க்கூடை ஒன்று வாங்கினேன். களத்தில் நெற்கதிர் போரடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுவார்களே, அதே ஏற்பாடு. இது ரப்பரில் செய்தது. மூச்சுவிடலாம், நாக்கைத் தொங்கவிடலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். பழத்தைக் கவ்வ முடியாது. மாட்டிப் பார்த்ததும் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

முதல் நாள், வெள்ளி

ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஹெப்பாள் மேம்பாலத்தை அந்த நேரத்தில் கடந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சின்னப் பாலம் என்பது தெரியும். எலஹங்கா, பிறகு தொட்டபல்லாபூர் சாலை. இன்று ஓட்டியது நான். ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இன்று அவர் சுவைப்பது, நாளை நான்.

தோட்டத்தைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது, இது திராட்சைத் தோட்டம்தானா என்பதே. கம்பத்தில் திராட்சை என்றால் பந்தல். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, கொடியை ஏற்றிவிடுவார்கள். இலைக்கூரைக்கு அடியில் கொத்துகள் தலைக்கு மேல் தொங்கும். என் தாத்தாவின் பந்தலில் நான் நிமிர்ந்து நடந்தேன். தாத்தா குனிந்து நடந்தார். அது பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். இங்கே பந்தல் இல்லை. கம்பி வேலி போல வரிசை வரிசையாக நிற்கின்றன கொடிகள். கிளைகளை நேர் மேலே ஏற்றிக் கட்டியிருப்பதால், காய்ப்பு முழுவதும் கீழ்க்கம்பியை ஒட்டியே இருக்கிறது. வெயிலும் காற்றும் கொத்தில் சமமாகப் பட வேண்டும் என்பதற்காக அப்படியாம். என் இடுப்புக்குக் கீழே, கறுத்துத் திரண்ட சின்னச் சின்னப் பழங்கள். சுருளி கழுத்தை நீட்டினால் போதும், அவள் வாய்க்கு நேராக.

வாய்க்கூடையின் வாரை ஒரு துளை இறுக்கினேன்.

ஆலைக்குள் சுற்றிக்காட்ட முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர் சுருளியோடு வெளியே. வழிகாட்டியாக வந்த இளைஞர், நாயை உள்ளே விடாததற்கு மன்னிப்புக் கேட்பது போல ஒரு காரணம் சொன்னார். சுத்தத்துக்காக மட்டுமில்லை. இது அறுவடைக் காலம், தொட்டிகளில் சாறு நொதித்துக்கொண்டிருக்கிறது. நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தேங்கும். நின்றிருக்கும் மனிதனுக்கு ஒன்றும் ஆகாத இடத்தில், தரையை முகர்ந்து நடக்கும் பிராணி மயங்கி விழலாம். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் 'நாய்க் குகை' என்றே ஓர் இடம் உண்டு. எரிமலை வாயு தேங்கும் அந்தக் குகைக்குள் நாயை விட்டு அது மயங்குவதைப் பயணிகளுக்குக் காட்டிக் காசு வாங்கினார்கள், நூற்றாண்டுக் கணக்கில். அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று ஒருவர் அதே வாயுவைச் சொல்லி நாயைத் தடுத்தபோது, கையைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது.

கணவர் உள்ளே போனார். நானும் சுருளியும் தோட்டத்து ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மறைக்காமல் சொல்கிறேன், அந்த முக்கால் மணி நேரம்தான் இந்த நாளில் எனக்குப் பிடித்தது. பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சின்னக் கத்தரியால் கொத்தைக் காம்போடு நறுக்கிக் கூடையில் இட்டார்கள். தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு. கம்பத்தில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு, அதனால் பாதி புரிந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் கைகளில் தெரிந்தது. ஒரு அம்மாள் சுருளியைப் பார்த்து, "கடிக்குமா?" என்றார். "தெரியாதவர் தொட்டால் உறுமுவாள்" என்றேன். அவர் தொடவில்லை. எட்டி நின்றே, தன் வீட்டு நாயைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

மேற்பார்வையாளர் ஒருவர் கொடியைக் காட்டி விளக்கினார். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தூங்கும். இங்கே அதற்குத் தூக்கமே இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது: ஏப்ரலில் ஒன்று, மழை ஓய்கிற சமயம் செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. முதல் கவாத்து கிளைக்கு, இரண்டாவது காய்ப்புக்கு. இரண்டையும் சரியாகச் செய்தால் மழையும் கடும் வெயிலும் படாத பிப்ரவரி, மார்ச்சில் பழம் கைக்கு வரும். தாத்தாவும் கவாத்து என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது!

வேரோட்டத்துக்கு வேறொரு காட்டுத் திராட்சையை வைத்து, அதன் மேல் ஒயின் ரகத்தை ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள். உப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்கும் அந்த வேருக்கு 'டாக்ரிட்ஜ்' என்று பெயர். டெக்சாஸிலிருந்து வந்தது. பெயரில் நாய் இருக்கிறது என்று சுருளியிடம் சொன்னேன். இலைகளில் நீலம் பூத்த மாதிரி ஒரு கறை தெரிந்தது: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பூஞ்சணத்துக்கு அடிப்பது. கிளம்பும் முன் சுருளியின் நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்தேன். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்; அவை பாதத்தை நக்கும்.

இந்த வட்டாரத்தில் ஒயின் திராட்சைக்கு வழி போட்டவர் கன்வல் குரோவர். நந்தி மலையைச் சுற்றி 1988-ல் அவருடைய தோட்டங்கள் தொடங்கின. பிரான்ஸின் ஒயின் வல்லுநர் மிஷல் ரோலான் ஆலோசகராக இணைந்தது அதன் பிறகு. நந்தி மலையின் உயரம் 1478 மீட்டர். அடிவாரமே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே. பகலில் காயும் நிலம் இரவில் குளிர்ந்துவிடுவதால்தான் பழத்தில் புளிப்பு தங்குகிறது.

இரவு தங்கும் வீட்டுத் திண்ணையில் இருவரும் பாதிப் பாதியைச் சேர்த்தோம். நான் கத்தரியையும் கவாத்தையும் சொன்னேன். அவர் உள்ளே பார்த்ததைச் சொன்னார்: சிவப்பு ஒயினுக்குத் தோலோடு நொதிக்க விடுவது, வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து சக்கையை நீக்குவது, ஓக் பீப்பாய்கள் அடுக்கிய அறையின் வாசனை. காலியான ஒரு தொட்டியின் உட்சுவரில் கற்கண்டுத் தூள் போல ஏதோ மின்னியதாம். என்ன என்று கேட்டிருக்கிறார். ஒயின் குளிரும்போது படியும் உப்பு, டார்டாரிக் அமிலத்தின் உப்பு என்றார்களாம்.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. சுருளி எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள், சனி

இதைக் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவு மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

காலை நன்றாகவே விடிந்தது. நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயில். அங்கேயும் முறை வைத்துத்தான் போனோம். நான் உள்ளே போனபோது வெயில் இன்னும் கல்லைச் சுட ஆரம்பிக்கவில்லை. ஒரே வளாகத்தில் போக நந்தீஸ்வரரும் அருணாசலேஸ்வரரும் அருகருகே. நடுவில் உமா மகேஸ்வரர் சன்னதி. திருவண்ணாமலைப் பெயரை இந்த மலையடியில் கேட்டதும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. சன்னதித் தூண்களில் பறவையும் கொடியுமாகச் செதுக்கியிருக்கும் நுணுக்கத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம்.

பத்தரைக்கு இரண்டாவது ஆலை. தொலைபேசியில் "தாராளமாக வாருங்கள்" என்ற இடம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று ஏதோ விருந்தாம், நாய்க்கு அனுமதி இல்லையாம். வேண்டுமானால் காரில் விட்டுவிட்டு வாருங்கள் என்றார் ஒருவர். பிப்ரவரி வெயிலில், மூடிய காரில்! எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும், காருக்குள் சூடு ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருக்கும். நாய்க்கு வியர்த்து ஆற வழியில்லை, மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். இதைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். திரும்பிவிட்டோம். நான் சுவைக்க வேண்டிய முறை அங்கேயே முடிந்தது.

வரும் வழியில், சாலையோரத்தில், பந்தல். கல்தூண், கம்பி, இலைக்கூரை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெங்களூர் நீலத் திராட்சைப் பந்தல் அது. மேசைக்கும் சாறுக்கும் ஜாமுக்கும் போகிற பழம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. சிக்கபள்ளாபூர், கோலார், பெங்களூரு ஊரகம் என்று இந்தச் சுற்று வட்டாரமே அதன் ஊர். தோட்டத்துப் பெரியவர், "உள்ளே வாருங்கள், நாயும் வரட்டும், வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்" என்றார். ஒயின் ஆலை வாசலில் கிடைக்காத அந்தச் சொல்லை அவர் கேட்காமலே கொடுத்தார்.

பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. அந்தப் பச்சை வெளிச்சம், ஈர மண், பழுத்த தோலின் மணம், தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம். தாத்தாவின் பந்தலில் மணி என்று ஒரு நாய் இருந்தது. நரியும் அணிலும் வராமல் காவல் காப்பது அதன் வேலை. பெரியவரிடம் அதைச் சொன்னேன். கவாத்து, மருந்து, வியாபாரி கொடுக்கும் விலை என்று பேச்சு நீண்டது. நேற்றைய தோட்டத்தில் பழம் சுருளியின் வாய் உயரத்தில் இருந்தது, இங்கே தலைக்கு மேல். அதனால் மனம் தளர்ந்துவிட்டது. அவள் மூச்சிரைத்தாள். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும் என்று வாய்க்கூடையைக் கழற்றினேன். கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் புட்டியை மூடத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம்.

பந்தலில் பழம் மேலே இருக்கும். ஆனால் உதிர்வது கீழேதானே. தூணடியில் உதிர்ந்த பழங்களைக் கூட்டிக் குவித்து வைத்திருந்தார்கள், பாதி காய்ந்து சுருங்கியவை. சுருளி இரண்டு வாய் விழுங்கிவிட்டாள். மூன்றாவது வாயை நான் விரல் விட்டுத் தோண்டி எடுத்தேன்.

மணி 2.50. அதைக் குறித்துக்கொண்டேன், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். உப்புக் கரைசல் ஊற்று, மோர் கொடு என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். கணவர் ஓட்டினார். நான் பின்இருக்கையில் சுருளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தைல மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வால்கூட ஆட்டினாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

4.15-க்குக் கிளினிக். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். 11 பழங்களை எண்ணினோம். உடைந்த தோல்கள் தனி. ரத்தம் எடுத்தார்கள், முன்னங்காலில் சலைன் ஏற்றினார்கள். உள்ளே போன அமிலம் எவ்வளவு என்று அளக்க வழியில்லை. சிறுநீரகத்தை நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருப்பதுதான் வழி என்றார் மருத்துவர். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் 24, 48, 72 மணி நேரத்தில் பார்க்க வேண்டும். "சிறுநீர் போகிறாளா என்று கவனியுங்கள். அதுதான் முக்கியம். பாதிக்கப்பட்டால் முதலில் வாந்தி, சோர்வு, பிறகு சிறுநீர் குறையும், நின்றுபோகும்" என்றார்.

நின்றுபோகும் என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ அசைந்தது. மணி செத்தது அப்படித்தான். ஒரு நாள் வாந்தி எடுத்தது. மறுநாள் எழுந்திருக்கவில்லை. தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தி, காலைத் தூக்கு, காலைத் தூக்கு என்று கெஞ்சிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் போய்விட்டது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். அறுவடைக் காலம் அது.

மூன்றாம் நாள், ஞாயிறு

சன்னபட்டணா போயிருக்க வேண்டிய நாள். மைசூரு சாலையில் அங்கேயும் ஒயின் உண்டு. வெப்பாலை மரத்தைக் கடைந்து செய்யும் பொம்மைகளும் வாங்க நினைத்திருந்தேன்.

சலைன் ஓடிக்கொண்டிருக்கிறது. 24 மணி நேர ரத்தத்தில் மாற்றம் இல்லை. மூன்று முறை சிறுநீர் கழித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மணியைக் குறித்துக்கொள்கிறேன்.

கணவர் டீ வாங்கி வந்தார். "நேற்று நான் கழற்றியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய் மாலை, அல்சூர்

72 மணி நேரம் முடிந்தது. கிரியேட்டினின் 1.1. முதல் நாளும் 1.1, இன்றும் 1.1. அந்தத் தாளை மடித்துப் பர்சில் வைத்திருக்கிறேன்.

காலையில் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன். முன்னங்காலில் ரோமம் மழித்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. வழக்கமான விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து நெடுநேரம் சிறுநீர் கழித்தாள். நான் அங்கேயே நின்று அழுதேன். நடைபயிற்சிக்கு வந்த ஒரு தாத்தா என்னம்மா ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, நல்லதுதான் என்றேன்.

அடுத்த பிப்ரவரியிலும் போவோம். வாய்க்கூடையோடு தண்ணீர் குடிக்க இன்று முதல் பழக்குகிறேன். அகலமான கிண்ணம் வைத்தால் குடிக்கிறாள். தோட்டத்துப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மூன்று நாளாக அவரும் நிம்மதியில்லாமல் இருந்திருக்கிறார். அன்றே அந்தக் குவியலை வாரிக் குழியில் போட்டு மூடிவிட்டாராம்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். சுருளி நலம் என்று சொன்னேன். மணியைப் பற்றிக் கேட்டேன்: அந்த வருடம் உதிர்ந்த பழத்தை எங்கே கொட்டினீர்கள்?

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பந்தல் தூணடியில்தான். அதன் மேல் சாக்கைப் போட்டு வைப்போம். மணி அந்தச் சாக்கில்தானே படுத்திருக்கும்."